அம்புக்குறி ஒட்டாத கனவான்கள்

'தோல்விதான் வெற்றியின் முதற்படி' என்று மேடையேறி முழங்குகிறவர்களை எல்லாம் திருப்பூருக்கு அழைத்து வந்து, ஏதாவது ஒரு பனியன் கம்பெனியின் செக்கிங் மேஜைக்கு எதிரே ஒரு நாள் முழுக்க உட்கார வைக்க வேண்டும் என்று எனக்கு நெடுநாளாக ஆசை. நிராகரிப்பு என்றால் என்ன என்பது அங்கே வேலை பார்க்கிற பெண்களுக்குத் தெரிந்த அளவு நம் பிரசங்கிகளுக்குத் தெரியாது.

அந்த மேஜையைப் பார்த்திராத வாசகர்களுக்காகச் சொல்கிறேன். தைத்து வந்த பனியனை வெளிச்சத்தில் விரித்துப் போட்டு, உள்ளும் புறமும் திருப்பி, கழுத்து, தோள், கை, அடிமடிப்பு என்று கண்ணை ஓட்டுகிறார்கள். எங்கேயாவது தையல் விட்டிருந்தால், எண்ணெய்க் கறை பட்டிருந்தால், துணியில் ஓட்டை விழுந்திருந்தால், சரியாக அந்த இடத்தில் அம்புக்குறி போட்ட சின்னஞ்சிறு ஸ்டிக்கர் ஒன்றை ஒட்டித் தள்ளிவிடுகிறார்கள். பனியன் திரும்பிப் போகிறது. தைத்தவன் முணுமுணுக்கிறான், ஆனால் எந்த இடத்தில் பிரித்துத் தைக்க வேண்டும் என்று அவனுக்குத் தெரியும். வெளிநாட்டு பையரின் ஆள் மொத்தச் சரக்கையுமே வேண்டாம் என்று தள்ளினால்கூட, அளவு தவறியதா, சாயம் மாறியதா என்று எழுதி வைத்துவிட்டுத்தான் தள்ளுகிறான். தள்ளிய சரக்கு காதர்பேட்டைக்குப் போய் விலை குறைந்து விற்கிறது. யாரோ ஒருவர் வாங்கி நிம்மதியாகப் போட்டுக்கொள்கிறார். சீமைக்காரன் அளவுக்குச் சரிப்படாத சட்டை நம்மூர்த் தோளுக்குக் கச்சிதமாக இருந்துவிடுவதும் உண்டு.

இதே ஊரில், காலை எட்டரைக்குக் கம்பெனிக்குள் நுழைந்து இரவு எட்டரைக்கு வெளியே வருகிற 'ஒன்றரை ஷிப்ட்' இளைஞர்கள் சிலர் ராத்திரி பத்து மணிக்கு மேல் இன்னொரு வேலை பார்க்கிறார்கள். ஹாஸ்யம் எழுதுகிறார்கள். சினிமாவுக்கு நகைச்சுவைப் பகுதி, டெலிவிஷனுக்குச் சிரிப்பு நாடகம் என்று நோட்டு நோட்டாக எழுதிச் சென்னைக்கு அனுப்புகிறார்கள். நான் கதை எழுதிப் பிழைக்கிறவன் என்று தெரிந்து சிலர் என்னிடமும் கொண்டு வருவார்கள். பவர் டேபிளில் தைக்கிற ஒரு பையன் எட்டு மாதம் காத்திருந்தான். எட்டு மாதத்துக்குப் பிறகு டெலிபோனில் ஒரு குரல், "இந்த மாதிரி எல்லாம் இப்போ ஓடாதுப்பா" என்று சொல்லி வைத்துவிட்டது.

"ஏனுங்க சார், இந்த மாதிரின்னா எந்த மாதிரிங்க?" என்று அவன் என்னைக் கேட்டான்.

நான் என்னத்தைச் சொல்ல? சொன்னவருக்கே தெரியுமோ என்னவோ! எழுத்தா பிடிக்கவில்லை, நீளமா, கதாபாத்திரமா, அல்லது அன்றைக்கு அவர் சாப்பிட்ட சாப்பாடா? ஐந்து ரூபாய் லாபத்துக்குத் தைக்கிற பனியனுக்குக் கிடைக்கிற அம்புக்குறி, எட்டு மாதம் கண் விழித்து எழுதியவனுக்குக் கிடைக்கவில்லை.

இந்த இடத்தில்தான் ஆறுதல் வியாபாரிகள் வந்து சேருகிறார்கள். அவர்களிடம் கைவசம் மகான்களின் பட்டியல் ஒன்று உண்டு. 'உட்ஹவுஸைப் பார்! எத்தனை பத்திரிகைகள் அவரைத் திருப்பி அனுப்பின! சோர்ந்தாரா?' என்பார்கள். உட்ஹவுஸ் 1900 முதல் 1902 வரை லண்டனில் ஹாங்காங் அண்ட் ஷாங்காய் பாங்கில் குமாஸ்தாவாக இருந்துகொண்டு ராத்திரியில் எழுதினார் என்பது உண்மை. திருப்பி அனுப்பப்பட்டதும் உண்மை. ஆனால் அந்த மனிதர் எழுத்தில் வந்த வரும்படியை ஒரு கணக்கு நோட்டில் வரிசையாகக் குறித்து வந்தார் என்பதை எந்தப் பிரசங்கியும் சொல்வதில்லை. எது விற்கிறது, எங்கே விற்கிறது, என்ன விலைக்கு விற்கிறது என்று பார்த்துப் பார்த்து எழுதினார். பாங்கு வேலையை விட்டபோது அவர் கையில் நம்பிக்கை மட்டுமல்ல, கணக்கும் இருந்தது. திருப்பூர்க்காரனுக்கு இது சொன்னால் புரியும். மேடைக்காரர்களுக்குத்தான் புரியாது.

கிரேஸி மோகனையும் இழுப்பார்கள். அவர் கிண்டியில் இன்ஜினீயரிங் படித்தவர். உத்தியோகம் பார்த்துக்கொண்டே நாடகம் எழுதியவர். 1979-ல் சொந்தக் குழு தொடங்கினார். அதாவது, எழுதிய வசனத்துக்குச் சபாவில் சிரித்தார்களா, கொட்டாவி விட்டார்களா என்பது திரை இறங்குவதற்குள் அவருக்குத் தெரிந்துவிடும். எட்டு மாதம் டெலிபோனுக்குக் காத்திருக்க வேண்டிய அவசியம் அவருக்கு இல்லை. இந்த வித்தியாசத்தை மறைத்துவிட்டு 'அவரைப் போல் விடாமுயற்சி செய்' என்பது, கால் இல்லாதவனிடம் ஓட்டப் பந்தயத்தின் பெருமையைப் பேசுவதுபோல் இருக்கிறது. மேலும், விடாமல் முயன்றும் ஒன்றும் ஆகாமல் போனவர்கள் எத்தனை பேர்? அவர்களை யார் மேடைக்குக் கூப்பிடுகிறார்கள்?

ஆறுதலால் விளைகிற பெரிய கெடுதல் ஒன்று உண்டு. 'உன் எழுத்தில் குறையே இல்லை, உலகத்துக்குத்தான் ரசனை இல்லை' என்று அது பையனை நம்ப வைத்துவிடுகிறது. பாதி நோட்டுகள் மோசமாகத்தான் இருக்கின்றன. நான் படித்தவன், சொல்கிறேன். பார்த்த சினிமாவையே திரும்ப எழுதியிருப்பார்கள். குண்டாக இருப்பவரைக் கண்டால் சிரிக்க வேண்டும் என்று நினைப்பார்கள். அதைச் சொன்னால் முகம் வாடும், வாடட்டும். ஓர் இரவு அழுதுவிட்டு மறுநாள் பிரித்துத் தைக்கலாம்.

மற்ற எழுத்துக்கு இல்லாத ஒரு சௌகரியம் ஹாஸ்யத்துக்கு உண்டு. சோகக் கதை நன்றாக இருக்கிறதா என்று ஊர் முழுக்கக் கேட்டாலும் முடிவு தெரியாது. ஹாஸ்யம் அப்படியல்ல. டீ நேரத்தில் பத்துப் பேருக்கு நடுவில் படித்தால் தெரிந்துவிடும். ஆனால் எழுதியவனே படிக்கக் கூடாது. சிநேகிதர்கள் அவன் முகத்துக்காகச் சிரித்துவிடுவார்கள். நோட்டை இன்னொருவனிடம் கொடுத்துவிட்டு, அவன் பின்னால் நின்றுகொண்டு, சிரிப்பு வராத இடத்தில் எல்லாம் ஒரு கோடு போட வேண்டும். சென்னைக்காரர்கள் ஒட்டாத அம்புக்குறியைக் கட்டிங் மாஸ்டரும் அயர்ன்காரரும் ஒட்டிக் கொடுத்துவிடுவார்கள்.

அதற்காகச் சென்னைக்காரர்களை நான் விடுவதாக இல்லை. 'நூற்றுக்கணக்கில் வருகிறதே, யாருக்கு நேரம்?' என்று கேட்கிறார்கள். செக்கிங் மேஜைக்கும் நூற்றுக்கணக்கில்தான் வருகிறது. நான்கைந்து காரணங்களை அச்சடித்த சீட்டில் ஒன்றின் எதிரே பேனாவால் ஒரு கோடு கிழிக்க எத்தனை நேரம் பிடிக்கும்? தபால்தலை ஒட்டிய உறையை இணைத்தால் கதையைத் திருப்பி அனுப்புகிற மரியாதையாவது நம் பத்திரிகைகளில் ஒரு காலத்தில் இருந்தது. 'படித்தோம் என்று எழுத்தில் கொடுத்தால், பிற்பாடு கதையைத் திருடிவிட்டோம் என்று வழக்குப் போடுவார்களே!' என்று இன்னொரு சாக்கு. மடியில் கனமில்லாதவனுக்கு வழியில் என்ன பயம்?

எழுத்தை ஏற்றுக்கொண்டு, எழுதியவனை நிராகரிக்கிற வித்தையும் இந்தத் துறையில் உண்டு. 1964-ல் வந்த 'காதலிக்க நேரமில்லை'யில் சினிமா எடுக்கத் துடிக்கிற நாகேஷ், பாலையாவுக்குக் கதை சொல்லுகிற காட்சியை நினைத்தால் இன்றைக்கும் சிரிப்பு வருகிறது. ஸ்ரீதரோடு சேர்ந்து அந்தப் படத்தை எழுதிய சித்ராலயா கோபுவின் பெயர் நம்மில் எத்தனை பேருக்குச் சட்டென்று வரும்? 1989-ல் வந்த 'கரகாட்டக்காரன்' வாழைப்பழத் தகராறு தெரியாத தமிழ்க் குழந்தை உண்டா? அதை எழுதியவர் ஏ. வீரப்பன். கவுண்டமணி, செந்தில் ஜோடிக்கு ஏராளமாக எழுதியவர். ஜனங்களோ, அந்த இரண்டு நடிகர்களும் நின்ற இடத்தில் நின்று பேசிக்கொண்டதாகவே நினைக்கிறார்கள். சிரிப்புக்கு எழுத்தாளன் ஒருவன் வேண்டும் என்பதையே மறக்கடித்துவிட்டால், வாசலில் நிற்கிற புதியவனுக்கு எதற்குப் பதில் சொல்ல வேண்டும் என்றுதானே தோன்றும்?

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். அந்தக் கவுண்டமணி உடுமலைப்பேட்டைப் பக்கத்து வல்லக்குண்டாபுரத்துக்காரர். கலைவாணருக்குப் பாட்டெழுதிச் சிரிக்கவும் சிந்திக்கவும் வைத்த உடுமலை நாராயண கவி பூளவாடியில் பிறந்தவர். இரண்டு ஊர்களும் இன்றைக்குத் திருப்பூர் ஜில்லாவில்தான் இருக்கின்றன. இந்த மண்ணின் வாய்க்குச் சிரிப்பு வராது என்று யாராவது சொன்னால் அவர்கள் காதைத்தான் பரிசோதிக்க வேண்டும்.

பவர் டேபிள் பையனிடம், 'உன் நோட்டுக்கு நீயே செக்கிங் செய்து, என்னென்ன குறை என்று எழுதிக்கொண்டு வா' என்றேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை வந்தான். ஒரு தாளில் மூன்று குறை எழுதியிருந்தான். முதல் காட்சி நீளம். மாமனார் பாத்திரம் வேறொரு படத்தில் பார்த்தது. இரண்டும் சரிதான். மூன்றாவதாக, 'கொங்குப் பேச்சு அதிகம்' என்று இருந்தது. சிவப்பு மையால் அந்த வரியை அடித்துவிட்டுத் தாளை அவன் கையில் கொடுத்தேன்.