தனிக்குடித்தனம் தேவையா?

இந்த வாரம் ஒரு பஞ்சாயத்து. நாட்டாமை நீங்கதான்.

போன மாதம் ஒரு இன்ஜினீயரிங் கல்லூரிக்குப் போயிருந்தேன். அங்கே லினக்ஸ் கிளப் ஒன்று ஜோராக நடக்கிறது. 60 பேர். சனிக்கிழமை மதியம் ஆனால் லேபில் கூடிவிடுகிறார்கள். கேன்டீனில் டீ குடிக்கும்போது மூன்றாம் ஆண்டு மாணவர் ஒருவர் மெதுவாக ஆரம்பித்தார்.

"அண்ணா, கிளப்பை நாலாப் பிரிச்சிடலாம்னு இருக்கோம். கெர்னல் ஒண்ணு, நெட்வொர்க்கிங் ஒண்ணு, வெப் ஒண்ணு, பிகினர்ஸ் ஒண்ணு."

"ஏம்ப்பா, நல்லாத்தானே போகுது?"

"எங்கண்ணா... ஒவ்வொரு வாரமும் யாராவது ஒரு ஜூனியர் வந்து வைஃபை வரலைன்னு நிக்கறான். அதுலயே ஒரு மணி நேரம் காலி. நாங்க எப்போ கெர்னல் படிக்கிறது?"

பக்கத்தில் முதலாம் ஆண்டு மாணவி ஒருவர் அதுவரை வாயே திறக்கவில்லை. இப்போது கேட்டார்: "அப்போ பிகினர்ஸ் குரூப்ல நாங்க மட்டும்தான் இருப்போம். எங்களுக்கு யார் அண்ணா சொல்லித் தருவாங்க?"

டீ ஆறிப்போச்சு. சீனியரிடம் பதில் இல்லை.

முதலில் சீனியர் பக்கம் இருக்கும் நியாயத்தைப் பார்ப்போம். லினக்ஸ் வளர்ந்ததே பிரிந்து பிரிந்துதான். 1991 ஆகஸ்ட் 25 அன்று ஹெல்சின்கி பல்கலைக்கழக மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ், நான் ஒரு ஆபரேட்டிங் சிஸ்டம் எழுதிக்கொண்டிருக்கிறேன் என்று முதன்முதலில் ஊருக்குச் சொன்னது மினிக்ஸ் ஆட்களின் குழுவில். யூஸ்நெட் என்ற அந்தக் கால விவாத வலையில் இருந்த குழு அது. அடுத்தவர் வீட்டுத் திண்ணைதான். கூட்டம் சேர்ந்ததும் 1992-ல் லினக்ஸுக்கென்று தனி வீடு வந்தது. அதுவும் கொள்ளாமல் அறிவிப்புக்கு ஒன்று, உதவிக்கு ஒன்று, டெவலப்மென்டுக்கு ஒன்று என்று அறைகள் பிரிந்தன. பிறகு அந்த 'உதவி' அறையும் போய், இன்ஸ்டாலேஷன், ஹார்டுவேர், நெட்வொர்க்கிங் என்று தனித்தனி அறைகள் வந்தன.

ஆக, பிரிவது பாவமில்லை. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். வீடு கொள்ளாமல் போன பிறகுதான் அவர்கள் சுவர் எழுப்பினார்கள். நம்ம கிளப்பில் 60 பேர். நாலாய்ப் பிரித்தால் 15. அதில் ஃபைனல் இயர் நாலு பேர் ஏப்ரலில் கிளம்பிவிடுவார்கள். பரீட்சை, சிம்போசியம், ஊருக்குப் போனது என்று கழித்தால் ஒரு சனிக்கிழமைக்கு எத்தனை பேர் மிஞ்சுவார்கள்? கேரம் போர்டுக்கு ஆள் தேறினால் பெரிய விஷயம்.

அடுத்து, 'வைஃபை வரலை' என்பது அவ்வளவு சாதாரணக் கேள்வியா? பல வைஃபை சிப்கள் ஃபர்ம்வேர் என்ற குட்டி மென்பொருள் ஏறினால்தான் உயிர் பிடிக்கும். அதில் பெரும்பாலானவற்றுக்கு சோர்ஸ் கோட் கிடையாது. இலவச மென்பொருள் கொள்கையில் கறாரான டெபியன் அதைத் தன் அதிகாரப்பூர்வ இன்ஸ்டாலரில் சேர்க்காமலே வைத்திருந்தது. கடைசியில் 2022-ல் டெவலப்பர்களிடம் ஓட்டெடுப்பே நடத்தி, 2023-ல் வந்த டெபியன் 12-லிருந்து சேர்த்தார்கள். ஜூனியர் கேட்கிற அதே கேள்விக்காகத்தான் பாஸ் அங்கே ஓட்டுப் போட்டிருக்கிறார்கள்!

சரி, அந்த மாணவியின் கதைக்கு வருவோம். அவர் அன்றைக்கு ஒரு பிரச்னையோடு வந்திருந்தார். சிம்போசியத்துக்குச் சர்டிஃபிகேட் அடிக்க பைத்தானில், 'பில்லோ' லைப்ரரியை வைத்து, சின்னதாக ஒரு புரோகிராம் எழுதியிருக்கிறார். தமிழில் பெயர் போட்டால் கொம்பு இடம் மாறி நிற்கிறது. 'செல்வி' என்று கொடுத்தால் முதலில் 'ச', அதற்கப்புறம் அனாதையாய் ஒரு கொம்பு.

நீங்களே சொல்லுங்க, இது எந்த குரூப் கேள்வி? பைத்தானா, ஃபான்டா, கீபோர்டா?

லேபில் போய்க் கேட்டார். புரோகிராமிங் தெரிந்தவர் "ஃபான்ட் கோளாறு" என்றார். நாலு ஃபான்ட் மாற்றியும் கொம்பு அசையவில்லை. மூலையில் கேபிளோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த நெட்வொர்க்கிங் பையன் எட்டிப் பார்த்து, "அதே ஃபான்ட் பிரவுசர்ல சரியா தெரியுதே? அப்போ ஃபான்ட் மேல தப்பில்லை" என்றான். அங்கேதான் முடிச்சு அவிழ்ந்தது. யூனிகோடில் 'செ' என்ற எழுத்து, முதலில் ச, பிறகு கொம்பு என்ற வரிசையில்தான் சேமிக்கப்படும். திரையில் கொம்பை முன்னால் கொண்டுவந்து நிறுத்துவது எழுத்துகளைக் கோக்கும் எஞ்சினின் வேலை. பிரவுசரில் அது இருக்கிறது. பில்லோவில் அந்த வேலைக்கு 'ராக்ம்' என்ற துணை லைப்ரரி வேண்டும். அவர் மெஷினில் அது இல்லை. போட்டதும் செல்வி ஒழுங்காக வந்து நின்றார்.

தனி குரூப் இருந்திருந்தால் அவர் பிகினர்ஸ் அறையில் இருந்திருப்பார். நெட்வொர்க்கிங் பையன் வேறு அறையில். இன்னொரு விஷயம், அன்றைக்கு யூனிகோட் வரிசையை அந்த மாணவி மட்டும் கற்றுக்கொள்ளவில்லை. கெர்னல் படிக்க நேரமில்லை என்ற சீனியரும்தான்.

அதற்காக ஸ்பெஷலிஸ்ட்களே வேண்டாம் என்று சொல்லவில்லை. லினக்ஸ் கெர்னலையே பாருங்கள். நெட்வொர்க்கிங், ஃபைல் சிஸ்டம், மெமரி என்று ஒவ்வொன்றுக்கும் தனிப் பொறுப்பாளர், தனிக் குழு. ஆனால் ஒருவர் பேட்ச் அனுப்பும்போது அந்தத் தனிக் குழுவோடு பொதுக் குழுவுக்கும் ஒரு காப்பி போவதுதான் வழக்கம். அறைகள் தனி, முற்றம் பொது.

நம்ம சென்னையிலேயே உதாரணம் இருக்கிறது. இந்திய லினக்ஸ் பயனர் குழுவின் சென்னைக் கிளை பல வருடங்கள் மாதத்தின் இரண்டாவது சனிக்கிழமை ஐ.ஐ.டி. மெட்ராஸ் வளாகத்தில் கூடியது. பைத்தான் பிரியர்களுக்கு 'சென்னைபை' என்று தனிக் குழு வந்தபோது அவர்கள் நாலாவது சனிக்கிழமையை எடுத்துக்கொண்டார்கள். ஆசைப்பட்டவர் இரண்டுக்கும் போகலாம்.

அதனால், பிரியலாமா என்று யோசிக்கிற எல்லா கிளப்புக்கும் மூணே மூணு கேள்வி.

ஒன்று: பிரியச் சொல்வது ஆர்வமா, எரிச்சலா? "கெர்னல் பத்தி இன்னும் பேசணும்" என்றால் பச்சைக் கொடி. "ஜூனியர் தொல்லை தாங்கல" என்றால் சிவப்பு. நாமும் ஒருநாள் அந்தத் தொல்லையாகத்தான் உள்ளே வந்தோம்.

இரண்டு: இப்போது நடத்துபவர் பாஸ் அவுட் ஆனால், அடுத்து நடத்த செகண்ட் இயரில் இரண்டு பேராவது இருக்கிறார்களா? இல்லையென்றால் அது குரூப் இல்லை, ஒருவருடைய ஹாபி.

மூன்று: பொது முற்றம் இருக்கிறதா? முதல் அரை மணி நேரம் யாரும் எதையும் கேட்கலாம், எல்லோரும் உட்காரணும். பிறகு அவரவர் டேபிள். கெர்னல் ஒரு டேபிள், வெப் ஒரு டேபிள். ஒரே லேப் போதும். சொன்ன பதிலை ஒரு நோட்டில் எழுதிவைத்தால் வைஃபை கேள்விக்கு அடுத்த வாரம் ஒரு மணி நேரம் ஆகாது, ஐந்து நிமிஷம்தான். அந்த நோட்டை எழுதும் வேலையை ஜூனியரிடமே கொடுங்கள். எழுதுகிறவர் மறக்க மாட்டார்.

கிளம்பும்போது அந்த சீனியர் சொன்னார்: "பிகினர்ஸ் குரூப் மட்டும் வேண்டாம்ணா. மத்ததைப் பார்க்கலாம்."

அது போதும். உங்க காலேஜில் என்ன தீர்ப்பு? சனிக்கிழமை லேபுக்குப் போய் முதலில் ஒரு ஜூனியர் பக்கத்தில் உட்காருங்கள். அப்புறம் சொல்லுங்கள்.

அடுத்த வாரம் சந்திப்போம்!