லயத்துப் பிள்ளை செய்தி வாசித்தால் அதிசயமா?

ஹட்டன், நுவரெலியாப் பகுதித் தோட்டமொன்றில் பிறந்த பிள்ளை தொலைக்காட்சிச் செய்தி மேசையில் அமர்ந்துவிட்டால் போதும், ஊரே வியக்கிறது. தாயின் கொழுந்துக் கூடையைப் படமெடுக்கிறார்கள். லயத்து வாசலைக் காட்டுகிறார்கள். அப்பிள்ளையின் தமிழ் 'தோட்டத் தமிழாக' இல்லாததை விசேடமாகப் புகழ்கிறார்கள். இப்புகழ்ச்சிக்குள் பதுங்கியிருக்கும் இளக்காரத்தை நாம் கண்டிக்கிறோம். கொழும்பில் பிறந்தவர் செய்தி வாசித்தால் அவருடைய வீட்டு வாசலை எவரேனும் படமெடுக்கிறார்களா?

செய்தி சொல்வது மலையகத்துக்குப் புதிய தொழிலன்று. தஞ்சையிலிருந்து வந்த கோ. நடேசய்யர், புடைவை வியாபாரி வேடத்திலே தோட்டங்களுக்குள் புகுந்து தொழிலாளர் நிலையைக் கண்டறிந்தார். துரைமாரின் அனுமதியின்றி அந்நியர் கால் வைக்கவியலாத காலம் அது. 1924 இல் 'தேசபக்தன்' பத்திரிகையைத் தொடங்கினார். 1931 இல் ஹட்டனிலே தொழிற்சங்கம் கண்டார். 1936 இல் அரசாங்க சபைக்கும் சென்றார். அவர் துணைவியார் மீனாட்சி அம்மையாரோ தோட்டந்தோறும் பாடிச் சென்றார். எழுத்தறியாதவருக்கு அப்பாட்டே பத்திரிகை! மேசையும் விளக்கும் இல்லாமலே செய்தி சொன்ன பெண்மணி அவர்.

பின்னர் நிகழ்ந்ததென்ன? 1948 இல் குடியுரிமைச் சட்டம் வந்தது. அடுத்த ஆண்டே வாக்குரிமையும் போயிற்று. 1964 இல் இரு பிரதமர்கள் ஒப்பந்தம் செய்தனர். 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, எஞ்சிய 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்வோம் என்றனர். தம்மைப் பங்கிட்ட கணக்கைப் பிறர் குரலிலே கேட்கும் கதிக்கு உள்ளானவர்கள் நம் மக்கள். நாடற்ற நிலையை முற்றாக நீக்கும் சட்டம் 2003 வரை வரவில்லை. தோட்டப் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்கத் தொடங்கியதே 1970களில்தான். ஆகவே, செய்தி மேசையை அடைய இத்தனை காலம் பிடித்தது பிள்ளைகளின் திறமைக் குறைவாலன்று. படிகளைப் பெயர்த்தெடுத்தவர்கள் இருந்தார்கள்.

வடக்கின் உழவர் பெருமக்களே, நீங்கள் 'தோட்டம்' என்றால் உங்கள் கைக்கிணற்று நீர் பாயும் சொந்த நிலம். மலையிலே தோட்டம் என்றால் 200 ஆண்டுகள் உழைத்தும் ஒரு பேர்ச் தமதாகாத நிலம். (ஒரே சொல்லுக்கு எத்தனை தூரம்!) படித்த நண்பர்களே, மலையகம் உங்கள் திரைக்கு எப்போது வருகிறது? 2014 இல் மீரியபெத்தையில் மண் சரிந்தபோது வந்தது. 1,000 ரூபாச் சம்பளம் 2021 இல் வர்த்தமானியில் ஏறும்வரை, சம்பளப் பேச்சு முறியும்போதெல்லாம் வந்தது. சாவும் சம்பளமும் தவிர அம்மக்களுக்கு வேறு வாழ்வே இல்லையா?

முகம் காட்டுவதற்கு ஒரு மலையகப் பிள்ளையை அமர்த்திவிட்டு, அவர் வாயில் பிறர் எழுதிய வாசகத்தைத் திணிப்பது எமக்குப் போதாது. அடுத்த சம்பளத் தகராறில் கம்பனிப் பேச்சாளரை அப்பிள்ளையே விசாரிக்கட்டும். நிறுவையில் ஓரிரு கிலோ குறைந்ததற்காக நாள் முழுதும் மழையில் நின்ற தாய்க்கு 'அரைப்பேர்' போடுவது எந்த நியாயம் என்று அப்பிள்ளை கேட்கட்டும். பேச்சாளர் பதில் சொல்லட்டும். அந்த ஒளிபரப்பைப் பார்க்க நாம் காத்திருக்கிறோம்.