அடிபட்ட பூனை மனுஷங்களை மறுபடி நம்புமா? ஷிஃப்ட் வேலைக்காரர்களுக்கு ஒரு விளக்கம்

2020 பிப்ரவரியில் சீனாவிலிருந்து சென்னைத் துறைமுகத்துக்கு வந்த பொம்மை கன்டெய்னருக்குள் ஒரு பூனை இருந்தது. கொரோனா பயத்தில் அதைத் திருப்பி அனுப்பும் பேச்சு எழ, பீட்டா இந்தியா அமைப்பு எதிர்ப்புத் தெரிவித்தது. ஏப்ரலில் பூனை அந்த அமைப்பிடம் ஒப்படைக்கப்பட்டது. செய்தி அதோடு முடிந்துவிட்டது. ஆனால், மீட்கப்படும் எந்தப் பூனைக்கும் கஷ்டமான கட்டம் அதன் பிறகுதான் ஆரம்பிக்கிறது.

இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம் வாடகை அறையில் தங்கி ஷிஃப்ட் பார்ப்பவர்களிடமும் இப்படி ஒரு பூனை வந்து சேரலாம். உதைபட்டதாகவோ, வெந்நீர் ஊற்றப்பட்டதாகவோ இருக்கலாம். அப்போது என்ன செய்வது?

ஏன் இவ்வளவு பயம்?

பிறந்த 2-வது வாரத்திலிருந்து 7-வது வாரம் வரைதான் குட்டிகள் மனிதர்களோடு எளிதாகப் பழகும் காலம். அப்போது மனிதர் கையே படாத தெருப்பூனையும், வீட்டில் வளர்ந்து பின்னர் அடிவாங்கிய பூனையும் ஒரே மாதிரிதான் சீறும். இரண்டாவது வகை மீண்டும் நெருங்கி வர வாய்ப்பு அதிகம். முதல் வகை கடைசிவரை மடியில் உட்காராமலே இருக்கலாம். பக்கத்தில் நிம்மதியாகச் சாப்பிட்டாலே அதற்கு அது பெரிய மாற்றம்.

முதல் சில நாட்கள் எப்படி?

தூக்கிக் கொஞ்சக் கூடாது. ஒரு அட்டைப்பெட்டி கொடுத்தால் போதும். நெதர்லாந்தின் உட்ரெக்ட் பல்கலைக்கழக ஆய்வில் (2014), ஒளிந்துகொள்ளப் பெட்டி கிடைத்த காப்பகப் பூனைகளுக்கு ஆரம்ப நாட்களில் மன அழுத்தம் குறைவாக இருந்தது. முறைத்துப் பார்க்காமல், கண்களை மெதுவாக மூடித் திறப்பதும் உதவும். அப்படிச் செய்பவரிடம் பூனைகள் நெருங்கி வர அதிகம் விரும்புவதாக பிரிட்டனின் சசெக்ஸ் பல்கலைக்கழக ஆய்வு (2020) சொல்கிறது.

ஷிஃப்ட் மாறினால்?

சிக்கலே இங்கேதான். அடுத்து என்ன நடக்கும் என்று தெரிந்தால்தான் பூனையின் பயம் குறையும். இந்த வாரம் பகல், அடுத்த வாரம் நைட் என்று சாப்பாட்டு நேரமும் மாறினால் பழகியதெல்லாம் பின்னோக்கிப் போகும். ரூம்மேட்டுகள் பேசி வைத்து, யார் இருந்தாலும் அதே நேரம், அதே தட்டு, அதே மூலை என்று வைத்துக்கொள்வது நல்லது.

தயிர்சாதம் மட்டும் போட்டால் போதாது. பூனைக்கு இறைச்சியிலிருந்து கிடைக்கும் டாரின் சத்து அவசியம். மசாலா இல்லாமல் வேகவைத்த மீன், கோழி கொடுக்கலாம். பால் பல பூனைகளுக்கு வயிற்றைக் கெடுக்கும். வலிக்கிறதே என்று பாராசிட்டமால் கொடுத்தால் உயிரே போய்விடும். காயத்துக்குக் கால்நடை மருத்துவரிடம்தான் போக வேண்டும்.

கடித்துவிட்டால்?

கடியோ, ரத்தம் வரும் கீறலோ, ரேபிஸ் ஆபத்து உண்டு. சோப்பு போட்டு 15 நிமிடம் ஓடும் தண்ணீரில் கழுவி, உடனே மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும்.

சட்டம் என்ன சொல்கிறது?

1960-ம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டப்படி முதல் முறை பிடிபட்டால் அபராதம் வெறும் 10 முதல் 50 ரூபாய். விலங்கைக் கொன்றாலோ ஊனப்படுத்தினாலோ, 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 325-வது பிரிவில் 5 ஆண்டுகள் வரை சிறைத் தண்டனை உண்டு. வெளியில் காயம் தெரியாமல் பயத்தை மட்டும் விட்டுப்போகும் அடிகள் பெரும்பாலும் 50 ரூபாய்க் கணக்கில்தான் வரும்.

காயம் ஆற வாரங்கள் போதும். பயம் போக மாதங்கள் ஆகலாம். கான்ட்ராக்ட் முடிந்து ஊருக்குக் கிளம்பும்போது பூனையைத் தெருவில் விட்டுப்போனால், அது இரண்டாவது முறையாகக் கைவிடப்படுகிறது. அறையைச் சீக்கிரம் காலி செய்ய வேண்டியிருக்கும் என்று தெரிந்தவர்கள், அடுத்து அதை யார் பார்த்துக்கொள்வார்கள் என்பதை முதல் நாளே முடிவு செய்துவிடுவது நல்லது.