திருத்துங்கள், மறைக்காதீர்கள்



இணையத்தில் பதிவிட்டதைப் பிறகு திருத்தலாமா என்று நம் பழைய மாணவர் குழுவில் வாதம் நடக்கிறது. "சொன்னது சொன்னதுதான், திருத்தவே விடக்கூடாது" என்கிறது ஒரு கட்சி. "என் பதிவு, என் இஷ்டம்" என்கிறது இன்னொரு கட்சி. இரண்டுமே தவறு என்பேன்.

திருத்த விட வேண்டும். தப்பான தேதியோடு ஒரு செய்தி பத்துக் குழுக்களுக்குப் போவதைவிடத் திருத்துவது மேல். கோபத்தில் எழுதியதைக் கோபம் தணிந்ததும் மாற்றுவதும் நல்லதே. முருகன் சினம் தணிந்த இடம் என்று சொல்லப்படும் ஊர்க்காரர்கள் நாம், இதை மறுக்கலாமா?

ஆனால் பழைய வரி தெரிய வேண்டும். பள்ளிப் பதிவேட்டில் என்ன முறை? வொயிட்னர் பூசக்கூடாது. தப்பின் மேல் ஒற்றைக் கோடு, பக்கத்தில் சரியானது, அதற்கொரு சுருக்கொப்பம், தேதி. அடித்ததும் படிக்கத் தெரிய வேண்டும். ஏனென்றால் அந்தப் பதிவேட்டை நம்பித்தான் ஒரு பிள்ளையின் டி.சி. எழுதப்படுகிறது.

பதிவும் அப்படித்தான். நீங்கள் எழுதியதற்கு நாற்பது பேர் லைக் போட்டார்கள், ஒருவர் மறுத்து எழுதினார் என்று வைத்துக்கொள்ளுங்கள். சத்தமில்லாமல் வரியை மாற்றினால், அந்த நாற்பது பேரும் தாங்கள் படிக்காததற்குத் தலையாட்டியவர்கள் ஆகிறார்கள். மறுத்தவர் பைத்தியக்காரர் ஆகிறார். பதில் வந்தபின் அது உங்கள் சொத்து மட்டுமல்ல.

ஃபேஸ்புக்கில் ஒரு பதிவின் திருத்த வரலாற்றைப் பார்க்கலாம். விக்கிப்பீடியாவில் ஒரு காற்புள்ளி மாறினாலும் எந்தக் கணக்கு, எந்த நேரம் என்று பதிவாகிறது. வாட்ஸ்அப் 2023இல் கொண்டுவந்த வசதியோ 15 நிமிடத்துக்குள் மாற்ற விடுகிறது. திருத்தப்பட்டது என்று காட்டும், முன்பு இருந்தது என்ன என்று காட்டாது. பாதிக் கிணறு தாண்டிய கதை.

எல்லைக்கோட்டையே திருத்திய ஊர் நம்முடையது. 1953இல் ஆந்திரத்தோடு போன திருத்தணி, மங்கலங்கிழார், ம.பொ.சி. போன்றோர் நடத்திய போராட்டத்தால் 1960 ஏப்ரல் 1 அன்று சென்னை மாநிலத்துக்குத் திரும்பியது. முன்பு எங்கே இருந்தது, எந்தச் சட்டத்தால் மாறியது என்பதெல்லாம் ஏட்டில் இருக்கிறது. இருப்பதால்தான் அந்தப் போராட்டத்தின் அருமை பேரப்பிள்ளைகளுக்கும் தெரிகிறது.

எல்லாச் செயலிகளும் பழைய வரியைக் காட்டும்வரை நாமே ஒரு வழக்கம் வைத்துக்கொள்வோம். மாற்றினால், என்ன மாற்றினேன் என்று கீழே ஒரு வரி எழுதுங்கள். மறுப்பு இருந்தால் தாராளமாகச் சொல்லுங்கள்.