தம்பிக்கு ஒரு சட்டம், அண்ணனுக்கு ஒரு சட்டம்: ஹைஸ்கூல் ஒழுங்குப் பிரச்னையில் யாரும் பேசாத இடைவெளி

மைசூருவில் ஏதோ ஒரு ஹைஸ்கூலைக் கற்பனை பண்ணிக்குங்க. தம்பி எட்டாவது, அண்ணன் ஒன்பதாவது. ரெண்டு பேரும் ஒரே நாளில் ஒரே தப்பைச் செய்கிறார்கள்: டீச்சரைக் கேலி பண்ணி, வகுப்பையே நடத்த விடாமல் செய்துவிடுகிறார்கள். தம்பியைப் பள்ளியிலிருந்து வெளியேற்றக் கூடாது என்கிறது கல்வி உரிமைச் சட்டம். அண்ணனுக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது.

ஏன் இந்த வித்தியாசம்?

கர்நாடகத்தில் ஹைஸ்கூல் என்றால் 8 முதல் 10 வரை. ஆனால், 2009-ம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வயது வரையிலான பிள்ளைகளுக்கானது. எட்டாம் வகுப்போடு அதன் எல்லை முடிகிறது. தொடக்கக் கல்வி முடியும்வரை எந்தக் குழந்தையையும் வெளியேற்றக் கூடாது என்கிறது அதன் 16-வது பிரிவு. 2019-ல் ஃபெயில் ஆக்க அனுமதித்துத் திருத்தம் வந்தபோதும், வெளியேற்றத் தடை அப்படியே இருந்தது. அதாவது, ஒரே கட்டடத்துக்குள் ஒரு மாடிப்படி ஏறினால் சட்டம் மாறிவிடுகிறது.

அப்போ ஒன்பதாவது பையனை அடிக்கலாமா?

கூடாது. உடல்ரீதியான தண்டனையையும் மனரீதியான துன்புறுத்தலையும் கல்வி உரிமைச் சட்டத்தின் 17-வது பிரிவு தடை செய்கிறது. 14 வயதைத் தாண்டினாலும், 18 வயது வரைக்கும் 2015-ம் ஆண்டு சிறார் நீதிச் சட்டம் இருக்கிறது. பொறுப்பில் உள்ளவர் குழந்தையைக் கொடுமைப்படுத்தினால் 75-வது பிரிவின்படி 3 ஆண்டுகள் வரை சிறை கிடைக்கலாம்.

இந்தத் தடை தேவையா என்று கேட்பவர்கள் கோலார் மாவட்டம் மாலூரை நினைத்துப் பார்க்கலாம். 2023 டிசம்பரில் அங்குள்ள அரசு உறைவிடப் பள்ளி ஒன்றில் மாணவர்களைக் கழிவுத் தொட்டிக்குள் இறக்கிச் சுத்தம் செய்ய வைத்தது வெளியே வந்தது. ‘ஒழுக்கம்’ என்ற பெயரில் எதுவரைக்கும் போகலாம் என்பதற்கு அது ஒரு சாட்சி.

சரி, டீச்சர் பக்கம் என்ன நிலைமை?

அதுவும் லேசானது இல்லை. 2021 டிசம்பரில் தாவணகெரே மாவட்டம் சன்னகிரி தாலுகாவில், ஆசிரியர் ஒருவரின் தலையில் மாணவர்கள் பக்கெட்டைக் கவிழ்த்த வீடியோ வைரலானது. பசங்களின் எதிர்காலம் கெடக் கூடாது என்று அவர் புகார் கொடுக்கவில்லை. அதற்கும் முன்னால், 2012 பிப்ரவரியில் சென்னையில் ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஒருவன் தன் ஆசிரியையை வகுப்பறையிலேயே குத்திக் கொன்றதை யாரும் மறந்திருக்க முடியாது.

இதற்கு அரசுகளும் நீதிமன்றங்களும் சொல்லும் பதில்கள் ஆளுக்கொரு பக்கம் இழுக்கின்றன. தவறாக நடக்கும் மாணவர்களை நீக்கி, டி.சி.யிலேயே காரணத்தை எழுதுவோம் என்று 2022-ல் தமிழ்நாடு பள்ளிக் கல்வித் துறை அமைச்சர் அன்பில் மகேஷ் சொன்னார். ஆசிரியர் கையில் பிரம்பு இருக்கட்டும், அதைப் பயன்படுத்த வேண்டியதில்லை என்று கேரள உயர் நீதிமன்றம் 2025 மார்ச்சில் கருத்துச் சொன்னது. ஆசிரியர்மீது வழக்குப் பதியும் முன் முதற்கட்ட விசாரணை வேண்டும் என்றும் அது உத்தரவிட்டது.

டி.சி. கொடுத்தால் பிரச்னை தீருமா?

பள்ளிக்குத் தீரும். பையனுக்கு அங்கேதான் ஆரம்பம். மத்திய அரசின் யூடைஸ் பிளஸ் தரவுப்படி, 2021-22-ல் நடுநிலை வகுப்புகளில் இடைநிற்றல் 3 சதவிகிதம். 9, 10-ம் வகுப்புகளில் 12.6 சதவிகிதம். ஏற்கெனவே அதிகம் பேர் நழுவும் படியில்தான் சட்டப் பாதுகாப்பும் இல்லை. எஸ்.எஸ்.எல்.சி. தேர்ச்சி விகிதத்தை வைத்துத்தான் பள்ளிகளின் பெயர் நிற்கிறது. அப்படி இருக்க, ‘பிரச்னைப் பையனை’ ஒன்பதாவதிலேயே கழற்றிவிடும் ஆசை ஒரு பள்ளிக்கு வராது என்று சொல்லிவிட முடியுமா?

வேற வழி இருக்கா?

இருக்கு. 2022 நவம்பரில் பெங்களூரு தனியார் பள்ளிகளில் செல்போனைத் தேடிப் பைகளைச் சோதித்தார்கள். சிகரெட், லைட்டர், ஆணுறை எல்லாம் கிடைத்தன. அப்போது சஸ்பெண்ட் செய்வதைவிட, பெற்றோரை அழைத்துப் பேசி, கவுன்சலிங்குக்கு அனுப்புவதையே பல பள்ளிகள் தேர்ந்தெடுத்தன.

ஆனால் கவுன்சலிங் கொடுக்க ஆள் வேண்டுமே! சி.பி.எஸ்.இ. பள்ளிகளுக்குக் கவுன்சலர் கட்டாயம். கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணை ஓவியம், உடற்கல்வி, கைத்தொழிலுக்குப் பகுதி நேரப் பயிற்றுநர்களைக் கேட்கிறது, கவுன்சலரைக் கேட்கவில்லை. ‘அடிக்காதே’ என்று சொன்ன சட்டம், அடிக்குப் பதிலாக எதையும் டீச்சர் கையில் கொடுக்கவில்லை. மீதம் இருப்பது ரெண்டே வழி: சகித்துக்கொள்வது, இல்லையென்றால் வெளியே அனுப்புவது.

உங்க தம்பி, தங்கச்சி, பிள்ளை படிக்கும் பள்ளியின் அடுத்த பெற்றோர் கூட்டத்தில் மூன்று கேள்விகள் கேளுங்கள். ஒழுங்கு விதிகள் எழுத்தில் இருக்கின்றனவா? டி.சி. கொடுப்பதை முடிவு செய்வது ஒருவரா, ஒரு குழுவா? அந்த முடிவுக்கு முன்னால் பையனிடம் யாராவது உட்கார்ந்து பேசினார்களா? மூன்றாவதுக்கு ‘ஆமாம்’ என்று பதில் வந்தால், அந்த அண்ணனுக்கும் தம்பியோடு சேர்ந்து அதே பள்ளிக்கு வர ஒரு வாய்ப்பு மிச்சம் இருக்கிறது.