மருந்து மூட்டையும் மோட்டாரும்



மலருக்குக் கட்டுரை எழுதப் போகிறேன், தலைப்பு இறால் பண்ணை என்று சொன்னதும் என் அறைத் தோழன் சிரித்தான். "நம்ம படிப்புக்கும் இறாலுக்கும் என்னடா சம்பந்தம்?" என்று கேட்டான். சம்பந்தம் இருக்கிறது. கடைசி வரை படித்துப் பாருங்கள், உங்களுக்கே புரியும்.

எங்கள் ஊர் நாகை மாவட்டக் கடலோரம். என் தாய்மாமா ஒரு ஹெக்டேர் குட்டையில் வெள்ளை இறால் வளர்க்கிறார். போன வருஷம் செமஸ்டர் லீவுக்குப் போயிருந்தபோது, குஞ்சு விட்டு எழுபது நாள் ஆகியிருந்தது. திடீரென்று இறால் தீவனம் எடுப்பது குறைந்துவிட்டது. விடியற்காலையில் கரையோரமாக மேலே வந்து மிதந்தன. மாமா முகத்தில் ஈயாடவில்லை. வட்டிக்கு வாங்கிய பணம் அல்லவா தண்ணீரில் கிடக்கிறது!

மருந்து விற்பவர் ஒருவர் வந்தார். லேபிள் இல்லாத பையில் வெள்ளைத் தூள் கொடுத்தார். "நோய்க்கும் இதுதான், வளர்ச்சிக்கும் இதுதான். தீவனத்துல கலந்து போடுங்க" என்றார். கலந்தது யார்? நான்தான்! தூளைத் தண்ணீரில் கரைத்து, பசை சேர்த்து, தீவனத்தில் புரட்டி நிழலில் உலர்த்திப் போட்டேன். என்ன தூள் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. மூன்றாம் வருஷம் டிப்ளமோ படிக்கிறவன் நான்!

ஒரு வாரம் தேவலாம் போல இருந்தது. அப்புறம் பழைய கதை. பிடிப்புக்கு முன்னால் நடக்கும் பரிசோதனையில் தடை செய்யப்பட்ட மருந்து இருப்பதாக முடிவு வந்தது. ஏற்றுமதிக்கு எடுப்பவர்கள் கைவிரித்துவிட்டார்கள். மாமா வந்த விலைக்கு உள்ளூர் வியாபாரிகளிடம் தள்ளிவிட்டார். ஐரோப்பாக்காரன் வேண்டாம் என்ற இறால் எங்கள் ஊர்ச் சந்தைக்குப் போனது. அந்த வாரம் அம்மா இறால் வாங்கவில்லை. ஆனால் எத்தனை அம்மாக்கள் வாங்கியிருப்பார்கள்? இந்தக் கேள்விதான் என்னை எழுத வைத்தது.

ஆன்டிபயாடிக் கொடுத்தால் வளர்ச்சி கூடும் என்ற நம்பிக்கை எங்கிருந்து வந்தது? 1940-களின் கடைசியில் அமெரிக்காவில் கோழிக் குஞ்சுகளுக்குக் கொடுத்துப் பார்த்தபோது எடை கூடியது. அதை அப்படியே தண்ணீருக்குள் கொண்டு வந்துவிட்டோம். ஆனால் குட்டை கோழிக்கூடு அல்ல. பண்ணைகளில் அதிகம் புழங்கும் ஆக்சிடெட்ராசைக்ளின் தண்ணீரில் உள்ள கால்சியம், மெக்னீசியத்தோடு பிணைந்துகொள்ளும். மீன் தின்றாலும் பெரும்பகுதி உடம்பில் சேராமல் கழிவாக வெளியே வந்துவிடும். அதாவது நாம் காசு கொடுத்து மருந்து போடுவது மீனுக்கல்ல, சேற்றுக்கு! அந்தச் சேற்றில் இருக்கும் கிருமிகள் மருந்தைத் தாங்கப் பழகுகின்றன. அந்தத் தாங்கும் குணத்தை மற்ற கிருமிகளுக்கும் கடத்துகின்றன. நாளைக்கு நமக்குக் காயம்பட்டு ஆஸ்பத்திரிக்குப் போனால் அதே மருந்து வேலை செய்யாமல் போகலாம். இதனால்தான் மனிதருக்குக் கடைசி ஆயுதமாக வைத்திருக்கும் கொலிஸ்டின் மருந்தைக் கால்நடை, கோழி, மீன் வளர்ப்பில் பயன்படுத்த 2019-ல் மத்திய அரசு தடை போட்டது.

மீனுக்காவது நல்லதா என்றால் அதுவும் சந்தேகம்தான். ஆக்சிடெட்ராசைக்ளின் கொடுத்த கெண்டை மீன்களின் நோய் எதிர்ப்புச் சக்தியே குறைந்ததாக 1980-லேயே ஆய்வு வந்துவிட்டது. குஞ்சு பொரிப்பகத்திலும் இதே பிரச்சினைதான். இரவில் தொட்டியையே ஒளிர வைக்கும் விப்ரியோ கிருமிக்குப் பயந்து மருந்தைக் கொட்டினால், தானாக நிற்கத் தெம்பில்லாத குஞ்சும் பிழைத்து குட்டைக்கு வந்துவிடும். மருந்துக்கு அடங்காத கிருமியையும் கூடவே கொண்டு வரும். 1994-95-ல் நம் கடலோரப் பண்ணைகளைக் காலி செய்த வெள்ளைப்புள்ளி நோய் ஒரு வைரஸ். வைரஸுக்கு ஆன்டிபயாடிக் எந்தக் காலத்திலும் கேட்காது.

"அப்ப சாகட்டும்னு விட்டுடறதா மாப்ள?" என்று மாமா கேட்டார். நியாயமான கேள்வி. நோர்வே நாட்டைப் பாருங்கள். 1987-ல் சால்மன் பண்ணைகளில் ஏறத்தாழ 50 டன் ஆன்டிபயாடிக் போட்டார்கள். தடுப்பூசி வந்தது, பண்ணை சுத்தமானது. இன்றைக்கு உற்பத்தி பல மடங்கு ஏறியும் வருஷத்துக்கு ஒரு டன் மருந்துகூட ஆவதில்லை. இறாலுக்கு அந்த மாதிரித் தடுப்பூசி போட வழியில்லை. அதனால் நல்ல குஞ்சு, அளவான எண்ணிக்கை, சுத்தமான அடிமண், போதுமான ஆக்சிஜன் இவைதான் நமக்குத் தடுப்பூசி.

இங்கேதான் நம் படிப்பு வருகிறது நண்பர்களே! எல்லாம் முடிந்த பிறகு ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். மாமா விட்டது ஐந்து லட்சம் குஞ்சு. நான்கு லட்சம் பிழைத்து, தலைக்குப் பதினோரு கிராம் என்று வைத்தால் 4,400 கிலோ. ஒரு குதிரைத்திறன் ஏரேட்டர் 400 முதல் 500 கிலோ வரைதான் தாங்கும் என்பது பொதுவான கணக்கு. ஒன்பது, பத்து ஏரேட்டராவது வேண்டும். குட்டையில் இருந்தது ஆறு. அதிலும் இரண்டு மோட்டார் காயில் எரிந்து கரையில் கிடந்தன. ஏன் எரிந்தன? மும்முனை மின்சாரத்தில் ஒரு முனை போனபோது நிறுத்த ஆளில்லை, சிங்கிள் ஃபேசிங் பிரிவென்டரும் கிடையாது. விடியற்காலையில் இறால் மேலே வந்தது வேறெதற்கு? அந்த நேரத்தில்தான் தண்ணீரில் ஆக்சிஜன் அடிமட்டத்துக்கு இறங்கும். மூச்சுத் திணறுகிற ஜீவனுக்கு நான் மருந்து ஊட்டியிருக்கிறேன்!

எல்லா நோயும் மோட்டாரால் தீரும் என்று சொல்ல வரவில்லை. கிருமி நோய் என்று சோதனையில் தெரிந்தால், அனுமதி உள்ள மருந்தை, விவரம் தெரிந்தவர் சொல்லும் அளவில், சொல்லும் நாள் வரை போடட்டும். அறுவடைக்கு முன் நிறுத்த வேண்டிய காலத்தில் நிறுத்தட்டும். தினமும் சோற்றில் உப்பு போடுகிற மாதிரி தீவனத்தில் போடுவதைத்தான் வேண்டாம் என்கிறேன்.

இந்த வருஷம் மாமா மூன்று லட்சம் குஞ்சுதான் விட்டார். இரண்டு மோட்டாருக்கும் ரீவைண்டிங் செய்து, பிரிவென்டர் மாட்டிக் கொடுத்தது நான். சிவில் படிக்கும் நண்பன் ஒருவன் நடுவில் கழிவுச் சேறு வெளியேற வடிகால் போட மட்டம் பார்த்துக் கொடுத்தான். லாபம் பெரிசாக ஒன்றும் இல்லை. ஆனால் பரிசோதனையில் சுத்தமாகத் தேறியது. அம்மா ஒரு கிலோ எடுத்து வரச் சொல்லிக் குழம்பு வைத்தாள்.

நம்மில் கடலோரத்துப் பிள்ளைகள் நிறையப் பேர் இருக்கிறோம். அடுத்த லீவுக்கு ஊருக்குப் போனால், பக்கத்துக் குட்டையில் எத்தனை ஏரேட்டர் ஓடுகிறது, எத்தனை எரிந்து கிடக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். லேபிள் இல்லாத பை கண்ணில் பட்டால், "இது என்ன மருந்து?" என்று கேளுங்கள். நான் கேட்காமல் விட்ட கேள்வி அது.

சிந்திப்போம், செயல்படுவோம்!

– மூன்றாம் ஆண்டு மாணவன்,
மின் மற்றும் மின்னணுவியல் துறை