ரிட்டயர்மென்ட் நம்பர் அப்புறம், முதல்ல ஒரு வருஷத்தை எழுதுங்க!



"ரிட்டயர் ஆக எத்தனை கோடி வேணும்?" இதுக்குப் பதில் சொல்ற கால்குலேட்டர் நெட்ல ஏகப்பட்டது இருக்கு. மாசச் செலவு, வயசு, 6% பணவீக்கம் போட்டா ஒரு நம்பர் வந்து விழும். அதை வச்சு எஸ்ஐபி ஆரம்பிக்கறதும் நல்ல விஷயம்தான். ஆனா முதல் கட்டத்துல நாம போடுற "மாசச் செலவு" இருக்கே, அதுலதான் கோட்டை விடுறோம்னு நான் நினைக்கறேன். ரிட்டயர் ஆனவங்களோட செலவு மாசாமாசம் ஒரே மாதிரி வராது. ஒரு முழு வருஷத்தைப் பார்த்தாதான் தெரியும்.

திருச்சியில இருக்கற என் சித்தப்பா, சித்தியை எடுத்துக்கோங்க. சித்தப்பா தனியார் கம்பெனியில அக்கவுன்ட்ஸ் பார்த்து 58 வயசுல ரிட்டயர் ஆனவர். சித்தி வீட்டைப் பார்த்துக்கிட்டாங்க. பொண்ணு பெங்களூர், பையன் கோயம்புத்தூர். சொந்த வீடு, கடன் கிடையாது. மாசச் செலவு 35,000 ரூபாய். அப்போ வருஷத்துக்கு 4.2 லட்சம், இல்லையா?

அவங்க போன வருஷம் எப்படிப் போச்சுன்னு பாருங்க. பொங்கலுக்குப் பொண்ணு வீட்டுக்குச் சீர், தீபாவளிக்கு எல்லாருக்கும் துணி, நடுவுல ரெண்டு கல்யாணம், ஒரு காதுகுத்து. இதுக்கே 50,000. மே மாசம் பேரப்பசங்க முழு லீவும் இங்கதான். ஏசி கரன்ட் பில்லு, மாம்பழம், ஐஸ்கிரீம், போக வர டிக்கெட்னு 40,000. மழைக்கு முன்னாடி மொட்டை மாடி ஒழுகலைச் சரி பண்ண 70,000. ஹெல்த் இன்சூரன்ஸ் பிரீமியமும், சித்தப்பாவோட கண்புரை ஆபரேஷனுக்குக் கையில இருந்து போனதும் சேர்த்து 80,000.

மொத்தம் 2.4 லட்சம் எக்ஸ்ட்ரா. ஆக வருஷச் செலவு 6.6 லட்சம், அதாவது மாசம் 55,000. மொட்டை மாடி வருஷா வருஷம் ஒழுகாதுன்னு சொல்வீங்க. சரிதான். ஆனா அடுத்த வருஷம் போர் மோட்டார் போகும், அதுக்கடுத்த வருஷம் பெயின்ட் அடிக்கணும். ஏதாவது ஒண்ணு வந்துக்கிட்டேதான் இருக்கும்.

வருஷச் செலவைப் போல 30 மடங்கு சேர்த்து வைக்கணும்னு ஒரு தோராயக் கணக்கு வச்சுக்குவோம். 4.2 லட்சத்துக்கு 1.26 கோடி. 6.6 லட்சத்துக்கு 1.98 கோடி. வித்தியாசம் 72 லட்சம்! சீர், மொய், பேரப்பசங்க, மொட்டை மாடி எதுவும் கால்குலேட்டருக்குத் தெரியாது. அதனாலதான் இந்த இடைவெளி.

இது பணம். அடுத்தது நேரம்.

ரிட்டயர் ஆன முதல் ஆறு மாசம் சித்தப்பாவுக்கு டிவியும் பேப்பரும்தான். அப்புறம் கிச்சனுக்குள்ள போய் எந்த டப்பா எங்க இருக்கணும்னு சித்திக்கு ஐடியா கொடுக்க ஆரம்பிச்சார். வீட்டுல தினமும் சண்டை. அவரைக் காப்பாத்தினது வேலையில இருக்கும்போதே மாசம் ஒரு ஞாயித்துக்கிழமை உழவாரப் பணிக்குப் போன பழக்கம். அந்தக் குழுவுல இருந்த ஒருத்தர் மூலமா, பார்வையில்லாத காலேஜ் பசங்களுக்குப் பாடப் புத்தகத்தை வாசிச்சு ரெக்கார்ட் பண்ணிக் கொடுக்கற வேலை வந்துச்சு. இப்போ தினமும் காலையில ரெண்டு மணி நேரம் போனும் கையுமா அதுலதான் உட்கார்ந்திருக்கார். பரீட்சை நேரத்துல அந்தப் பசங்க போன் பண்ணி "சார், அடுத்த பாடம் எப்போ?"ன்னு கேட்கறாங்க. தன்னை எதிர்பார்த்து ஒருத்தர் காத்திருக்கறது அவருக்கு எவ்வளவு பெரிய விஷயம்னு பக்கத்துல இருந்து பார்த்தா தெரியும்.

இதுக்குச் செலவு ஏறக்குறைய பூஜ்யம். ஆனா 60 வயசுல புதுசா ஒரு கூட்டத்தைத் தேடிப் போறது லேசில்லை. அதனால மாசம் ஒரு அரை நாளை சம்பளம் வராத ஒரு வேலைக்கு இப்பவே ஒதுக்குங்க. இதையும் ஒரு எஸ்ஐபியா நினைச்சுக்கோங்க.

இப்போ சித்தி. அவங்களுக்கு எப்போ ரிட்டயர்மென்ட்?

போன வருஷம் பொண்ணு பிரசவ லீவு முடிஞ்சு வேலைக்குப் போனப்போ, கைக்குழந்தையைப் பார்த்துக்க சித்தி மூணு மாசம் பெங்களூர்ல இருந்தாங்க. சித்தப்பா இங்க தனியா. ரசம் வைக்கவே அப்போதான் கத்துக்கிட்டார். பேத்தியைப் பார்த்துக்கறதுல சித்திக்குக் கொள்ளைப் பிரியம், அதுல சந்தேகமே இல்ல. ஆனா ராத்திரி முழுக்கக் கண் முழிச்சு, காலையில மூணு பேருக்கு டிபன் செய்யறது 60 வயசு உடம்புக்கு வேலைதான்.

இந்த இடத்துல நான் பேசறது உங்ககிட்ட. நம்ம ரெண்டு சம்பள வாழ்க்கை ஓடுறதே நிறைய வீட்டுல அம்மா, மாமியார் தயவுலதான். அவங்களுக்குச் சம்பளம் கொடுக்கறேன்னு கிளம்பாதீங்க, கோவிச்சுக்குவாங்க. அவங்க ஹெல்த் இன்சூரன்ஸ் பிரீமியத்தை நீங்க கட்டுங்க. ரயில் டிக்கெட்டை நீங்க போடுங்க. மூத்த குடிமக்களுக்கான ரயில் கட்டணச் சலுகையை 2020 மார்ச்ல நிறுத்திட்டாங்க, முழுக் கட்டணம்தான் ஆகுது. அவங்க வந்து தங்கற மாசங்கள்ல சமையலுக்கு ஒரு ஆள் வைங்க. "எப்போ வர்றீங்க?"ன்னு கேட்கறதுக்கு முன்னாடி "வர முடியுமா?"ன்னு கேளுங்க.

கடைசியா, பணம் யார் பேர்ல இருக்குங்கறது. சித்தப்பாவுக்கு இபிஎஸ் பென்ஷன் வருது. 15,000 ரூபாய் சம்பள வரம்புல 35 வருஷ சர்வீஸ் போட்டா, 15,000 × 35 ÷ 70, அதாவது 7,500 ரூபாய். போனஸ் வருஷம் ரெண்டு சேர்த்தாலும் 8,000 தொடாது. இதுக்கு அகவிலைப்படியும் கிடையாது. அவருக்குப் பிறகு சித்திக்கு வரப்போறது இதுல பாதி. சேமிப்பு மொத்தமும் அவர் பேர்லயே இருந்தா, வாழ்நாள் முழுக்க அந்த வீட்டுக்கு உழைச்சவங்க நாமினியாகத்தான் ஒரு ஓரத்துல இருப்பாங்க.

மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்துல ஒருத்தர் 30 லட்சம் வரை போடலாம். 8.2% வட்டியில மூணு மாசத்துக்கு ஒரு தடவை 61,500 ரூபாய் வரும். 60 தாண்டின கணவன், மனைவி ரெண்டு பேரும் தனித்தனியா இதை ஆரம்பிக்கலாம். ஆனா அதுக்கு ரெண்டு பேர் பேர்லயும் பணம் இருக்கணுமே! வேலைக்குப் போகாத துணை இருந்தா, அவங்க பேர்ல இன்னைக்கே ஒரு பிபிஎஃப் ஆரம்பிங்க. நீங்க கொடுத்த பணத்துக்கு வர்ற வட்டி வழக்கமா உங்க வருமானத்தோட சேரும், ஆனா பிபிஎஃப் வட்டிக்கு வரியே கிடையாது. மாசம் 5,000 போட்டா இப்போதைய 7.1% வட்டியில 15 வருஷத்துல சுமார் 15 லட்சத்துக்கு மேல நிக்கும்.

இந்த ஞாயித்துக்கிழமை ஒரு வேலை பண்ணுங்க. அப்பா, அம்மாவுக்கு போன் போட்டு போன வருஷம் தையில இருந்து மார்கழி வரைக்கும் எதெதுக்குச் செலவாச்சுன்னு கேட்டு எழுதுங்க. அம்மாகிட்ட தனியா கேளுங்க, அப்பாவுக்குத் தெரியாத செலவெல்லாம் அவங்களுக்குத்தான் தெரியும். அப்புறம் உங்க துணையோட உட்கார்ந்து உங்க 62-வது வயசுக்கு அதே மாதிரி 12 மாசத்தை எழுதுங்க. யார் எங்க இருப்பீங்க, யார் சமைப்பாங்க, காலையில எழுந்ததும் யாருக்காக என்ன வேலை செய்வீங்கன்னு அதுல இருக்கட்டும்.

அதைக் கூட்டி வர்ற தொகையை எடுத்துக்கிட்டுப் போய் கால்குலேட்டர்ல போடுங்க.